களைக்கொல்லி அடிப்பவர் உடம்பில் எவ்வளவு மருந்து படுகிறது?

பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர், பூலாம்பாடி, கிருஷ்ணாபுரம் பகுதிகளில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும், ஏரிப் பாசனத்தில் நெல்லும் பயிராகின்றன. நாலு பயிருக்கும் பொதுவான தொல்லை களை. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை களைக்கொத்தும் கையுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எடுத்த வேலை இது. இன்று அந்த ஆட்கள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. ஆகவே மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின், வெங்காயத்துக்கும் பருத்திக்கும் பெண்டிமெத்தலின், நடவு வயலுக்குப் பூட்டாகுளோர், வரப்புக்குப் பாராகுவாட் என்று களைக்கொல்லிகள் வழக்கமாகிவிட்டன.

மருந்து என்ன விலை, ஏக்கருக்கு எத்தனை டேங்க், டேங்குக்கு என்ன கூலி என்ற கணக்கெல்லாம் விவசாயிக்கு மனப்பாடம். அடிக்கிறவர் உடம்பில் எவ்வளவு பட்டது, பட்டதில் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. அது போட முடியாத கணக்கு என்ற எண்ணமே காரணம். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் இந்தக் கணக்கு போடப்பட்டு வருகிறது. அதில் தெரிய வந்த விஷயங்கள் சில, இங்கே வயலில் கடைப்பிடிக்கப்படும் பழக்கங்களுக்கு நேர் மாறாக இருக்கின்றன.

2017ஆம் ஆண்டு அனுபவம்

2017 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் மயக்கம், வாந்தி, கண் எரிச்சலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்தும் போயினர். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக் காடுகளில் மருந்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததால் மருந்து மார்புக்கும் முகத்துக்கும் நேராக வந்து விழுந்தது என்பது யவத்மாலில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அவை பூச்சிக்கொல்லிகளால் வந்த விபத்துகள்; களைக்கொல்லிகளால் அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் நரம்பைத் தாக்குபவை. அளவு மீறினால் அன்றைக்கே ஆளைக் கீழே தள்ளிவிடும். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற பொருள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பரிசோதித்து, விஷம் ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு.

களைக்கொல்லிகளில் பெரும்பாலானவை இப்படி வேலை செய்வதில்லை. அட்ரசினோ பெண்டிமெத்தலினோ உடம்பில் பட்டவர் மாலையில் குளித்துவிட்டு வழக்கம் போல டீக்கடைக்குப் போய்விடுவார். கோலினெஸ்டரேஸ் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே, "களை மருந்து ஆளை ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. உடனே தெரியாத ஒன்றைத்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

துணியை ஒட்டி அளக்கும் முறை

அமெரிக்காவில் டர்ஹாம், வுல்ஃப் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1962இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு முறையை விவரித்து எழுதினார்கள். மருந்து அடிக்கும் தொழிலாளியின் தோள், மார்பு, முதுகு, முன்கை, தொடை, கணுக்கால் என்று பல இடங்களில் உறிஞ்சும் துணி அல்லது அட்டைத் துண்டுகளை ஒட்டிவிடுவது. வேலை முடிந்ததும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று சோதனைச் சாலையில் பார்ப்பது. கைகளை ஒரு திரவத்தில் கழுவி அதையும் சோதிப்பார்கள். மூக்கருகே ஒரு வடிகட்டியை வைத்து, மூச்சில் போனதையும் கணக்கிடுவார்கள்.

கணக்கு சுலபமானதுதான். 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றைக் கெண்டைக்காலில் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,400 சதுர சென்டிமீட்டர். துண்டில் 1 மில்லிகிராம் மருந்து இருந்தால், கால்களில் 24 மில்லிகிராம் பட்டிருக்கிறது என்று பொருள். இப்படியே ஒவ்வோர் உறுப்புக்கும் கணக்கிட்டுக் கூட்டினால், ஒரு நாளில் உடம்பு முழுவதும் பட்ட அளவு கிடைத்துவிடும். பிற்பாடு முழு உடம்பையும் மூடும் பருத்தி உள்ளாடையை அணிவித்து, அதை வெட்டிச் சோதிக்கும் முறையும் வந்தது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் வயலில் அளப்பதற்கு ஒரே மாதிரியான நடைமுறையையும் வகுத்துத் தந்தது.

இந்த அளவுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை ஒன்று உண்டு. திறந்த வயலில் தெளிக்கும்போது மூச்சு வழியாகப் போகும் மருந்து மிகச் சிறு பங்குதான். மீதியெல்லாம் தோலில் விழுகிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலுடன், முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி அடிப்பவர் சிறிய வாசலை அடைத்துவிட்டுப் பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். அந்தத் துண்டும் மருந்தில் நனைந்து போனால், நாள் முழுவதும் முகத்தில் ஒட்டிய ஈரப்பற்றாகிவிடும். (தூளைக் கலக்கும்போது மூக்கை மூடுவது அவசியம். அது வேறு விஷயம்.)

எந்த இடத்தில் விழுகிறது என்பது பயிரையும் நடக்கும் விதத்தையும் பொறுத்தது. ஆள் உயரப் பருத்தியில் முகம், தோள், மார்பு. மண்ணைப் பார்த்து அடிக்கும் களைக்கொல்லியில் பாதமும் கெண்டைக்காலும். அடித்த ஈரத்தின் மேலேயே முன்னால் நடந்து போவதுதான் காரணம். முதுகில் மாட்டும் டேங்க் ஒழுகினால் முதுகும் இடுப்பும். மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பயிரிலும் கை.

எல்லாத் தோலும் ஒன்றல்ல

தோலில் பட்டதெல்லாம் உள்ளே போய்விடுவதில்லை. எவ்வளவு போகும் என்பது மருந்தையும் இடத்தையும் பொறுத்தது. 1971இல் அமெரிக்க மருத்துவர் மைபாக் என்பவரும் அவருடைய குழுவினரும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மிகச் சிறு அளவில் உடம்பின் பல இடங்களில் தடவி, சிறுநீரில் வெளிவருவதை அளந்தார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்குச் சுமார் 9 பங்கு உள்ளே போயிற்று. உள்ளங்கையில் சுமார் 12, வயிற்றில் 18, உச்சந்தலையில் 32, நெற்றியில் 36. ஆண்களின் விதைப்பைத் தோலில் தடவியது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது. களைக்கொல்லிகளில் இந்த எண்கள் மாறும். 2,4-டி மருந்து முன்கை வழியாக நூற்றுக்கு 6 பங்கு வரை போனதாகப் பின்னர் கண்டார்கள். எண்கள் மாறினாலும், சில இடத்துத் தோல் மற்ற இடங்களை விட மிகவும் இளகியது என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

வயலில் இதற்கு என்ன பொருள்? வியர்வையைத் துடைக்க மருந்துக் கையால் நெற்றியைத் தேய்ப்பது சாதாரணக் காரியம் அல்ல. சிறுநீர் கழித்த பிறகு கை கழுவும் பழக்கம் பலருக்கு உண்டு. மருந்து அடிப்பவர் அதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டேங்க் ஒழுகி இடுப்புத் துணி நனைந்தால், "இந்த டேங்க் முடியட்டும்" என்று பொறுத்திருக்காமல் அங்கேயே கழற்றிக் கழுவிவிட வேண்டும். நல்ல வெயிலில், வியர்த்து நனைந்த தோல் மருந்தை இன்னும் வேகமாக இழுக்கும். புண், சிராய்ப்பு, சேற்றுப்புண் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒழுகும் தெளிப்பானால் முதுகுத் தோல் வெந்து, அதன் வழியே பாராகுவாட் ஏறி இறந்துபோன தொழிலாளர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் குறிப்புகள் இருக்கின்றன. பாராகுவாட்டுக்கு விஷமுறிவு மருந்து கிடையாது. கேரளம் 2011இல் அதைத் தடை செய்தது. இலங்கை 2008 முதல் படிப்படியாக விலக்கியது.

சிறுநீரில் தெரியும் கணக்கு

உள்ளே போனதை நேரடியாக அளக்க வழி சிறுநீர்தான். 2,4-டி, கிளைபோசேட் போன்றவை உடம்பில் பெரும்பாலும் மாறாமல், சில நாட்களுக்குள் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன. மருந்து அடித்த நாளிலும் அடுத்த சில நாட்களிலும் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தால் எவ்வளவு ஏறியது என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் தென் கரோலினா, மின்னசோட்டா மாநிலங்களில் 48 விவசாயிகளிடம் இப்படிக் கிளைபோசேட் அளந்து, முடிவை 2004இல் வெளியிட்டார்கள். அடித்த அன்று 100க்கு 60 பேரின் சிறுநீரில் மருந்து தெரிந்தது. ரப்பர் கையுறை போட்டவர்களிடம் சராசரி லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். போடாதவர்களிடம் 10 மைக்ரோகிராம். ஒரே மருந்து, ஒரே மாதிரி வேலை, கையுறை ஒன்றால் ஐந்து மடங்கு வித்தியாசம். இத்தனைக்கும் அவர்கள் டிராக்டரில் உட்கார்ந்து தெளிப்பவர்கள். டேங்கை முதுகில் சுமந்துகொண்டு ஈரத்தில் நடப்பவர்கள் அல்லர். அந்த ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பெனிகளும் பணம் கொடுத்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையுறை பற்றிய முடிவு அதனால் குறைந்துவிடவில்லை.

இத்தகைய சோதனை பெரம்பலூரில் உள்ள சாதாரண இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நடக்கக்கூடியது அல்ல. விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் தேசிய நிறுவனம் அகமதாபாத்தில் இருக்கிறது. கூலி ஆள் அங்கே போய் வரப் போவதில்லை. ஆனால் சோதனைச் சாலை சொன்ன விடையை வைத்துக்கொண்டு வயலிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அரைச் சிட்டிகையும் அரை லிட்டரும்

ஆபத்து அதிகமான நேரம் தெளிக்கும் நேரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும். மக்காச்சோளத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் அட்ரசின் 50 சதத் தூள், ஹெக்டேருக்கு 500 கிராம். அதாவது ஏக்கருக்கு 200 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 1 கிராம் தூள். பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கொட்டும்போது அரை கிராம் தூள் கையில் ஒட்டினால், அரை லிட்டர் தெளிப்பு நீரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். தெளிக்கும்போது அரை லிட்டர் மேலே பட்டால் யாரும் அலறியடித்துக் கழுவிக்கொள்வார்கள். கையில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

பெண்டிமெத்தலின் 30 சத மருந்து ஹெக்டேருக்கு 3.3 லிட்டர். 500 லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 6.6 மில்லி. கலக்கும்போது விரலில் வழியும் ஒரு மில்லி மருந்து, 150 மில்லி தெளிப்பு நீருக்குச் சமம்.

நெல் வயலில் நடப்பது இதைவிட மோசம். பூட்டாகுளோர் 50 சத மருந்து ஹெக்டேருக்கு 2.5 லிட்டரை 50 கிலோ உலர்ந்த மணலில் பிசறித் தூவுவது வழக்கம். ஏக்கருக்கு 1 லிட்டர், 20 கிலோ மணல். அப்படியானால் 100 கிராம் எடையுள்ள ஒரு கைப்பிடி மணலில் 5 மில்லி மருந்து இருக்கிறது. அதே மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளித்தால், ஒரு லிட்டரில் இருக்கும் அளவு அது! வெறுங்கையால் ஒரு ஏக்கருக்குத் தூவுகிறவர் சுமார் 200 தடவை அந்தக் கைப்பிடியை அள்ளுகிறார். "தெளிக்கவில்லை, மணலில்தான் போட்டேன்" என்று சொல்வதில் பொருளே இல்லை. மணலில் பிசறும் வேலையும் பெரும்பாலும் வரப்பில் சாக்கை விரித்து, உரத்தைப் பிசறுவது போலக் கையாலேயே நடக்கிறது. மண்வெட்டியால் பிசறலாம், தூவும் கைக்கு நீளமான ரப்பர் கையுறை போடலாம்.

கையுறை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஜோடி ரப்பர் கையுறையின் விலை ஒருவரின் ஒரு நாள் கூலியை விடக் குறைவு. ஆனால் துணிக் கையுறை மருந்தை உறிஞ்சிக்கொண்டு கெடுதலையே செய்யும். ரப்பர் கையுறையிலும் உள்பக்கம் மருந்து புகுந்துவிட்டால், போடாமல் இருப்பதே மேல் என்று ஆகிவிடும். கழற்றும் முன் கையுறையோடு சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கழற்ற வேண்டும். ஓட்டை விழுந்ததை எறிந்துவிட வேண்டும்.

நீலத் தண்ணீர் சோதனை

1980களில் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபென்ஸ்கே ஒரு புதிய வழி கண்டார். மருந்தோடு ஒளிரும் சாயத்தைக் கலந்து தெளிக்கச் செய்து, பிறகு தொழிலாளியை இருட்டறையில் நிறுத்தி, புற ஊதா விளக்கைக் காட்டினார். எங்கெங்கே மருந்து பட்டதோ அங்கெல்லாம் தோல் ஒளிர்ந்தது. உடைக்குள்ளே, கழுத்துப் பட்டைக்குக் கீழே, கையுறைக்குள்ளே என்று எதிர்பாராத இடங்களிலும் சாயம் இருந்தது.

இதையே அரும்பாவூரில் விளக்கும் இருட்டறையும் இல்லாமல் செய்து பார்க்கலாம். டேங்கை மூன்று முறை சோப்பு நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீரை நிரப்பி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நல்ல நிறம் வரும்படி ஊற்ற வேண்டும். பழைய வெள்ளை வேட்டியும் முழுக்கை வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, வழக்கமாக அடிக்கிற மாதிரியே ஒரு டேங்க் அடிக்க வேண்டும். முடிந்ததும் சட்டையையும் வேட்டியையும் விரித்துப் பார்த்தால் நீலப் புள்ளிகள் கதை சொல்லும். முதுகில் நீலம் இருந்தால் மூடியோ அடிப்பக்கமோ ஒழுகுகிறது. வலது கையில் இருந்தால் விசைப் பிடியின் வாஷர் தேய்ந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மட்டும் நிறைய இருந்தால் டேங்கில் கோளாறு இல்லை; நடையில்தான் இருக்கிறது.

நடையைத் திருத்துவது கடினம் அல்ல. காற்று குறுக்கே வீசும்படி நின்று, காற்று போகிற பக்கத்திலிருந்து தொடங்கி, அடிக்காத பக்கமாக ஒவ்வொரு பாத்தியாக நகர வேண்டும். அப்போது ஈரத்தை மிதிக்க வேண்டி வராது. தூறலும் மேலே வராது. கோலை இரு பக்கமும் வீசி வீசி அடிப்பதால் கால்தான் நனைகிறது. பூச்சி மருந்து அடிக்கும் நாசிலை அப்படியே களைக்கொல்லிக்கும் உபயோகிக்கக் கூடாது. அது பொடித் துளியாக அடித்துக் காற்றில் பறக்கவிடும். களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில் வேண்டும். எந்த நாசில் என்பதில் சந்தேகம் இருந்தால் வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ, வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம். நாசில் அடைத்தால் வாயால் ஊதுவது பலருக்குக் கைவந்த பழக்கம். தென்னந்துடைப்பக் குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் அந்த அவசியம் வராது.

நீலத் தண்ணீர் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு. பருவம் தொடங்கும் முன், ஊரில் நாலு டேங்குகளை ஒரே நாளில் சோதித்துவிடலாம்.

டேங்க் கணக்கு நோட்டு

1993இல் அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து அடிக்கும் உரிமம் பெற்ற 50,000க்கும் மேற்பட்டவர்களையும் அவர்களுடைய மனைவிமாரையும் சேர்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. அத்தனை பேரின் சிறுநீரையும் ஆண்டுக்கணக்கில் சோதிக்க முடியாது. ஆகவே கேள்வி கேட்டே அளவைக் கணித்தார்கள். நீங்களே மருந்து கலக்கிறீர்களா? எந்தக் கருவியால் அடிக்கிறீர்கள்? பழுதானால் நீங்களே பார்ப்பதுண்டா? கையுறை போடுகிறீர்களா? ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை ஆண்டுகளாக? இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்துப் பெருக்கினார்கள். துல்லியமான அளவு அல்ல. ஆனால் அதிகம் பட்டவரையும் குறைவாகப் பட்டவரையும் பிரித்துக் காட்ட அது போதும்.

இந்த வட்டாரத்தில் அதற்கு வேண்டிய முதல் எண் ஏற்கனவே கையில் இருக்கிறது. டேங்க் எண்ணித்தானே கூலி கொடுக்கிறார்கள்? சிக்கல் என்னவென்றால், அந்த எண்கள் பல வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் வைத்திருப்பவருக்கு, 16 லிட்டர் டேங்கில் பருவத்துக்குச் சுமார் 25 டேங்க். அவர் கணக்கில் அது அற்பம். அடிக்கிற ஆளோ அவர் காட்டில் மட்டும் அடிப்பதில்லை. ஆவணி, புரட்டாசியில் 25 நாள், நாளைக்கு 15 டேங்க் என்று வைத்தால் 375 டேங்க். காட்டுக்காரரைப் போல 15 பங்கு. அதன் பிறகு படைப்புழுவுக்கும் பருத்திக்கும் பூச்சிக்கொல்லி வேறு. எந்த ஒரு விவசாயியும் அந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை. அந்த ஆளின் உடம்பு ஒன்றுதான் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே நோட்டு அடிக்கிறவரிடம் இருப்பது நல்லது. தேதி, மருந்தின் பெயர், எத்தனை டேங்க், யார் கலந்தது, கையுறை போட்டதா, டேங்க் ஒழுகியதா, எத்தனை மணிக்குக் குளித்தது, அன்று இரவு உடம்பு எப்படி இருந்தது. எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கும். மருந்தின் பெயரை எழுதுவதற்குப் பதில் காலி அட்டையையே நோட்டில் ஒட்டிவிடலாம். ஒரு வருஷம் எழுதினால், எந்த மருந்து அடித்த நாளில் கண் எரிகிறது, எந்த நாளில் மூக்கில் இரத்தம் வருகிறது, நகம் எப்போது கறுக்கிறது என்பதெல்லாம் தாமாகத் தெரியும். நகம் கெடுவதும் மூக்கில் இரத்தமும் பாராகுவாட்டின் அடையாளங்கள்.

பெண்கள் டேங்க் சுமப்பதில்லை, அதனால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும், அடித்த காட்டில் மறுநாள் இறங்கிச் செடி கலைப்பதும், மருந்துச் சட்டையைத் துவைப்பதும் அவர்கள்தான். அவர்களுக்கும் நோட்டில் ஒரு வரி வேண்டும். கருவுற்ற பெண்ணை இந்த வேலைகள் எதிலும் சேர்க்காமல் இருப்பதே சரி.

நாள்பட்ட கெடுதல்

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று பெரிதும் கருதத்தக்க பொருட்களில் சேர்த்தது. 2,4-டி மருந்தை அதற்கு ஒரு படி கீழே வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய அரசு அமைப்புகள் கிளைபோசேட் விஷயத்தில் இதை ஏற்கவில்லை, சர்ச்சை தொடர்கிறது. அயோவா, வட கரோலினா ஆராய்ச்சியிலிருந்து 2011இல் வந்த ஒரு முடிவில், பாராகுவாட் உபயோகித்தவர்களிடம் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் மற்றவர்களை விடச் சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. பின்னர் 2015இல் அதே ஆட்களைப் பார்த்தபோது, கையுறை போடும் பழக்கம் உள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. இந்தச் செய்தி யோசிக்க வைப்பது.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது, ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு கொடியது என்பதற்கான அடையாளம். பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகளில், மருந்து தெளிக்கும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு உடை கொடுக்கவும், குறிப்பிட்ட இடைவெளியில் டாக்டரைக் கொண்டு பரிசோதிக்கவும் இடம் இருக்கிறது. டேங்குக் கூலிக்கு அடிக்கும் ஆள் அந்தப் பரிசோதனையைக் கண்டதே இல்லை. கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழிலுக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமாகவே அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. வரப்பில் அடிக்கக் கடையில் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்து பட்டுவிட்டால்

கண்ணில் தெறித்தால் ஓடும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். உடம்பில் கொட்டினால் துணியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். எண்ணெய் தடவக் கூடாது. இதற்காகவே ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் வரப்பில் தனியாக இருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது காட்டுக்காரரின் பொறுப்பு. மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கிணற்றடியிலும் ஏரிக்கரையிலும் அலசக் கூடாது.

மயக்கம், மூச்சுத் திணறல், தொடர்ந்து வாந்தி இருந்தால் 108 வண்டியை அழைத்து, மருந்து டப்பாவை அல்லது அட்டையைக் கையோடு கொண்டு போக வேண்டும். பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் வைத்தியம் வேறு. பாஸ்பரஸ் மருந்துக்குப் போடும் அட்ரோபின் ஊசியால் பாராகுவாட்டுக்குப் பலன் இல்லை. "ஏதோ மருந்து அடித்தார்" என்று சொன்னால் டாக்டருக்கும் கை கட்டியது போலத்தான். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லாத எண்ணில் இரவும் பகலும் கேட்கலாம். சிகிச்சை தரும் டாக்டரே பேசுவது சுலபம். அவரிடம் டப்பாவோடு டேங்க் நோட்டையும் கொடுத்துவிட வேண்டும்.